வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டிய குடும்பமும் நம் வீட்டுப் பெண் பிள்ளைகளும்

வேலூர் என்ற ஊரை இலங்கை முஸ்லிம்கள் இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். முதலாவது, ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹழ்ரத் அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி. அங்கே ஓதி, 'பாக்கவி' என்ற பட்டத்தோடு திரும்பிய ஆலிம்கள் பலர் நம் நாட்டுப் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் பணி செய்திருக்கிறார்கள். இரண்டாவது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தீராத நோய் என்றால் "வேலூருக்குக் கொண்டு போய்ப் பார்ப்போமே" என்று சொல்வது திம்புள்ள, டிக்கோயாப் பக்கத்து வீடுகளுக்கும் புதிதல்ல.

பாக்கியாத்தின் வரலாற்றை நம் ஆலிம்கள் எழுதியிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்பது நம்மில் அதிகம் பேசப்படாத கதை. அதைக் கட்டியவர் ஒரு பெண் டொக்டர். அவருடைய பாட்டனார் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு முதன்முதலில் பணியைத் தொடங்கியது நம் யாழ்ப்பாணத்தில். அவரை டொக்டராக்கிய ஓர் இரவில், அந்த வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் முஸ்லிம். ஆகவே இது நம்மைத் தொடாத வரலாறு அல்ல. ஒரு வசதியான குடும்பம் தன் பெண்களை எப்படிப் படிக்க வைத்தது, அந்தப் படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து நாம் நம்மிடமே கேட்க வேண்டிய கேள்வி என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

இந்துஸ் கப்பலில் வந்த இரண்டு குடும்பங்கள்

1819ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இந்துஸ்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சில இளம் தம்பதிகள் அதில் இருந்தார்கள். அவர்களுள் இரண்டு தம்பதிகளை நாம் கவனிப்போம்.

முதலாவது தம்பதி மைரன் வின்ஸ்லோவும் ஹாரியட் வின்ஸ்லோவும். தமிழ் படித்தவர்களுக்கு வின்ஸ்லோ என்ற பெயர் நன்றாகத் தெரியும். 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டவர் அவர்தான். அவருடைய மனைவி ஹாரியட் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அது இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக நடக்கிறது. அப்போது யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலான வீடுகளில் நினைத்தும் பார்க்காத விஷயம். ஹாரியட் 1833இல் உடுவிலிலேயே இறந்தார். அவர்களுடைய மகள், வணிகத்தில் செல்வம் சேர்த்த டலஸ் குடும்பத்துக்கு மருமகளாகப் போனார்.

அந்த வழியில் நான்காவது தலைமுறையில் பிறந்தவர் எலியனோர் லான்சிங் டலஸ். அவர் 1917இல் பிரின் மார் மகளிர் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1926இல் பொருளாதாரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களத்தில் பணியாற்றி, உலகப் போரில் இடிந்துபோன பேர்லின் நகரை மீளக் கட்டும் வேலையில் முக்கிய பங்கெடுத்தார். 101 வயது வரை வாழ்ந்து 1996இல் இறந்தார். அவருடைய அண்ணன்மார் இருவரையும் நம் வாசகர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். ஒருவர் வெளிவிவகாரச் செயலாளர் ஜோன் ஃபொஸ்டர் டலஸ். மற்றவர் ஸி.ஐ.ஏ. தலைவர் அலன் டலஸ். 1953இல் ஈரானில் மொஸாடெக் ஆட்சியைக் கவிழ்த்த காலத்தில் அதிகாரத்தில் இருந்தவர்கள் இவர்கள். படிப்பு ஒரு குடும்பத்துக்கு ஆற்றலைக் கொடுக்கும். அந்த ஆற்றலை எதற்குச் செலவிடுவது என்பது வேறு கேள்வி. அதையும் இந்தக் குடும்பத்திலேயே நாம் பார்த்துக்கொள்ளலாம்.

அதே கப்பலில் வந்த இரண்டாவது தம்பதி டொக்டர் ஜோன் ஸ்கடரும் அவருடைய மனைவி ஹாரியட்டும். வேலூரின் கதை இவர்களிடமிருந்து தொடங்குகிறது.

ஸ்கடர் குடும்பத்தின் மூன்று தலைமுறைகள்

ஜோன் ஸ்கடர் 1793இல் நியூ ஜேர்ஸியில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, நியூ யோர்க்கில் மருத்துவம் படித்து, அந்த நகரத்தில் நன்றாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு 1820இல் யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் வந்து மருந்து கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டு மிஷனுக்குப் போன முதல் டொக்டர் இவர்தான் என்பார்கள். பதினாறு ஆண்டுகளின் பின், 1836இல், வின்ஸ்லோவோடு சென்னைக்குப் போனார். அவருடைய மகன்மார் ஏழு பேரும் தென்னிந்தியாவில் மிஷன் பணிக்கு வந்தார்கள். நான்கு தலைமுறைகளில் அந்தக் குடும்பத்திலிருந்து இப்பணிக்கு வந்தவர்கள் 40 பேருக்கு மேல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பத்திலும் முதலில் கல்லூரிக்குப் போனவர்கள் ஆண்கள்தான். முதலாம் தலைமுறைப் பெண்ணான ஹாரியட் கணவனோடு கடல் தாண்டி வந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பாடசாலை வேலையிலும் உதவி, சென்னையிலேயே இறந்தார். அவருக்குக் கல்லூரிக் கதவு திறந்திருக்கவில்லை. அவர் யாழ்ப்பாணம் வந்த நாளில் அமெரிக்காவில்கூடப் பெண்களுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி கிடையாது. எலிசபெத் பிளாக்வெல் என்ற பெண் அங்கே மருத்துவப் பட்டம் பெற்றது 1849இல். பெண்களுக்கென்றே பென்ஸில்வேனியாவில் மருத்துவக் கல்லூரி திறந்தது 1850இல். "வெள்ளைக்காரர்கள் எப்போதுமே பெண்களைப் படிக்க வைத்தவர்கள், நாம்தான் பின்தங்கிவிட்டோம்" என்று பேசுவது நம்மில் சிலருக்குப் பழக்கம். உண்மை அப்படியில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948இல்தான். நம் கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி அதற்கு இரண்டு ஆண்டுகள் மூத்தது.

ஜோன் ஸ்கடரின் கடைசி மகனின் பெயரும் ஜோன்தான். அவரும் டொக்டர். அவருடைய மகளாக 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். சிறு வயதில் 1876–78 தாது வருடப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் வளர்ந்து படித்தார். அப்பனும் பாட்டனும் போன வழியில் போக அவருக்கு இஷ்டமில்லை. அமெரிக்காவில் நல்ல வாழ்க்கை வாழ வேண்டும் என்பதே அவருடைய ஆசை. தாயாருக்குச் சுகமில்லை என்பதால் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவதே அவருடைய எண்ணம்.

கதவைத் தட்டிய மூன்று பேர்

திண்டிவனத்தில் இருந்த அந்தக் காலத்தில் நடந்ததை ஐடா பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார். ஓர் இரவு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக அவர்களுடைய வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். இன்னொருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள், பிள்ளை பிறக்கவில்லை, நீங்கள் வந்து பாருங்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. "அப்பா டொக்டர், அவர் வருவார், நானும் கூட வந்து உதவி செய்கிறேன்" என்றார். மூவருமே அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது ஆகாது என்று திரும்பிப் போனார்கள். விடிந்து விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஐடா தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் 1895இல் பென்ஸில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மராட்டியப் பெண்ணான ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றதும் இதே கல்லூரியில்தான். பின்னர் ஐடா கோர்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார். பாட்டனார் கப்பலேறி அப்போது எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த முஸ்லிம் கணவரை மட்டும் பிரித்தெடுத்துக் குறை சொல்வது நியாயமில்லை. மூன்று பேரும் அந்தக் காலத்து வழக்கத்தில் நின்றவர்கள். ஆனாலும் நாம் முஸ்லிம்கள் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று அந்த வீட்டில் மார்க்கம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். பெண்ணைப் பெண் டொக்டர் பார்ப்பதே முதன்மையானது, பெண் டொக்டர் கிடைக்காத நிர்ப்பந்தத்தில் ஆண் டொக்டர் தேவையான அளவுக்குப் பார்க்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் வரிசைப்படுத்திச் சொல்கின்றன. உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. ஆகவே அந்தப் பெண்ணின் மவுத்துக்கு மார்க்கத்தைக் காரணம் காட்ட முடியாது. மார்க்கம் தெரியாமையும், பெண் டொக்டர் இல்லாமையும் சேர்ந்தே அவளைக் கொன்றன.

பெண் டொக்டர் எங்குமே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண் டொக்டரின் முயற்சியால் 1885இலேயே பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டிருந்தது. அதைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சனங்கள் சொன்னார்கள். கோஷா என்றால் பர்தா. வெளியே வராத முஸ்லிம் பெண்களுக்கும் உயர்சாதி இந்துப் பெண்களுக்கும் என்று கட்டிய இடம் அது. இன்று அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. ஆனால் திண்டிவனத்தில் பிரசவ வேதனையில் கிடந்தவளுக்குச் சென்னை எவ்வளவு தூரம்! நம் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக் கொண்டுவந்ததும் ஆர்க்காடு, சேலம், திருச்சி போன்ற மாவட்டங்களிலிருந்துதான். அந்தச் சனங்களுக்கு அங்கேயும் இங்கேயும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை.

ஓர் அறையிலிருந்து ஒரு கல்லூரி

ஐடா 1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். வரும்போது அவர் கையில் பட்டம் மட்டும் இருக்கவில்லை. நியூ யோர்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டுங்கள் என்று கொடுத்த 10,000 டொலரும் இருந்தது. வந்த சில மாதங்களில் தகப்பனார் இறந்துவிட்டார். சிறிய அறையொன்றில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேரைப் பார்த்தார். 1902இல் 40 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரி திறந்தது.

ஒரு பெண் டொக்டர் எவ்வளவு ஓடினாலும் எத்தனை வீட்டுக்குப் போய்விட முடியும்? இதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். 1909இல் தாதிமாருக்குப் பயிற்சி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பாடசாலை திறந்தார். மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிய விஷயம் என்று அதிகாரிகள் நினைத்தார்களாம். வந்தது 151. அந்தப் பாடசாலைதான் 1940களில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவக் கல்லூரியானது. ஆண் மாணவர்களை அது சேர்த்தது 1947இல். அதாவது, இன்று ஆண்களும் பெண்களும் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் அந்தக் கல்லூரி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெண்கள் மட்டும் படித்த இடமாக இருந்தது.

ஐடா கலியாணம் முடிக்கவில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் இறந்தார். அதே பெயர் கொண்ட, அடுத்த தலைமுறைப் பெண்ணான ஐடா பி. ஸ்கடரும் டொக்டராகி, வேலூரில் கதிர்வீச்சு மருத்துவத் துறையை வளர்த்தார்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: "அவங்க மதம் மாத்தத்தானே வந்தாங்க? அவங்களப் பத்தி நமக்கு என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. அவர்கள் தங்கள் மதத்தைப் பரப்ப வந்தவர்கள்தான். அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. மிஷன் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று நம் முன்னோர் பயந்ததற்கும் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குச் சரியான பதில் என்ன என்பதை நம்மவர் ஒருவரே காட்டித் தந்தார்.

கண்டியில் கிடைத்த பதில்

அறிஞர் எம்.ஸி. சித்தி லெப்பை (1838–1898) கண்டியில் வசதியான குடும்பத்தில் பிறந்த சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை எழுதி இலங்கையின் முதல் தமிழ் நாவலாசிரியர் ஆனவர். மிஷன் பாடசாலை வேண்டாம் என்றால் நம் பாடசாலையை நாமே கட்ட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. நாடு கடத்தப்பட்டு இலங்கையில் இருந்த எகிப்தின் ஒராபி பாஷா, கொழும்பின் பெருந்தனவந்தர் வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் துணையோடு 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவாக அவர் உழைத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு வருடம் முன்னதாக, 1891இல், அவர் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார் என்பதை நாம் அவ்வளவாக ஞாபகப்படுத்துவதில்லை.

ஐடா திண்டிவனத்தில் இருந்ததும், கண்டியில் நம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்ததும் ஒரே காலத்தில். அப்படியிருக்க, அங்கே 1918இல் பெண்களின் மருத்துவப் பாடசாலை வந்துவிட்டது. இங்கே கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி வர 1946 ஆனது. வாப்பிச்சி மரைக்காரின் பேரர் ஸேர் ராஸிக் பரீத் அதை முன்நின்று உருவாக்கினார். பாட்டனார் ஆண் பிள்ளைகளின் பாடசாலைக்கு உதவியதற்கும், பேரர் பெண் பிள்ளைகளின் பாடசாலையைக் கட்டியதற்கும் இடையில் 54 ஆண்டுகள். அதன் முதல் அதிபராக இருந்தவர், கேரளத்தில் பிறந்து படித்துப் பட்டம் பெற்று இங்கே வந்த ஆயிஷா ரஊஃப். பின்னாளில் அவர் கொழும்பு மாநகர சபையின் பிரதி மேயராகவும் ஆனார். அவர் போன்ற ஒருவரை வளர்த்தெடுக்கப் பாடசாலையும் கல்லூரியும் தொடர்ச்சியாக வேண்டும். நம்மில் ஒரு தலைமுறை திறந்த கதவை அடுத்த தலைமுறை பிடித்துக்கொள்ளவில்லை. சித்தி லெப்பை 1898இல் மறைந்த பிறகு நடந்தது அதுதான். ஸ்கடர் குடும்பத்துக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது.

கஸ்ஸாலி இமாமின் முறைப்பாடு

மருத்துவம் படிப்பது ஃபர்ழு கிபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வின் கல்வி பற்றிய பாகத்தில் விளக்குகிறார்கள். ஊரில் சிலராவது அதைச் செய்தால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். யாருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லை, பிற சமயத்து வைத்தியர்கள்தான் இருக்கிறார்கள், நம்மவர்களோ அதைக் கவனிக்காமல் வாதப் பிரதிவாதக் கல்வியில் கூடி நிற்கிறார்கள் என்று சொல்லி அவர்கள் வருத்தப்படுகிறார்கள். இதை எழுதி 900 வருடம் கடந்துவிட்டது.

இந்தச் சட்டத்தைப் பெண்களின் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். நம் பெண்ணைப் பெண் டொக்டர்தான் பார்க்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். விரும்புவது சரி. அப்படியானால் அந்தப் பெண் டொக்டரை உருவாக்குவதும் நம்மீது கடமையாகிறது. கிளினிக்கில் "லேடி டொக்டர் இருக்காங்களா?" என்று முதலில் கேட்பவர்களும் நாம்தான். உயர்தரத்தில் உயிரியல் எடுக்க விரும்பும் மகளிடம் "பொம்புளப் புள்ளக்கி இவ்வளவு படிப்பு என்னத்துக்கு?" என்று கேட்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இரண்டு கேள்வியும் ஒரே வாயிலிருந்து வரக்கூடாது. பிற சமூகங்கள் தங்கள் பெண்களைப் படிக்க வைக்க வேண்டும், அவர்கள் வந்து நம் பெண்களின் பர்தாவைக் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகை நீதி?

நம் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியில் கூடாரம் அமைத்துக் காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர் ருஃபைதா (றழி) அவர்கள். அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் (றழி) அவர்களை அங்கேதான் வைத்துப் பார்த்தார்கள். அன்னை ஹஃப்ஸா (றழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அஷ்ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (றழி) என்ற பெண். கல்வியும் வைத்தியமும் நம் பெண்களுக்கு வெளியிலிருந்து வந்தவை அல்ல.

திம்புள்ளப் பள்ளத்தாக்கில் இன்று

இனி நம் ஊருக்கு வருவோம். தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஹட்டன், தலவாக்கலை, லிந்துலை போன்ற சிறு நகரங்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கடை நடத்தி வாழ்கின்றன. பாட்டனார் தலையில் துணி மூட்டை சுமந்து லயம் லயமாக விற்றார், வாப்பா கடை போட்டார், மகன் அதை மாடிக் கடையாக்கினார் என்ற கதை இங்கே பல வீடுகளுக்குப் பொதுவானது. அதே மூன்று தலைமுறையில் அந்த வீட்டுப் பெண்களின் படிப்பு எந்தளவுக்கு ஏறியது? கடை ஏறிய அளவுக்கு ஏறிய வீடுகளும் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஏறாத வீடுகள்தான் அதிகம்.

எல்லாத் தவறையும் வீட்டின் மீது போட முடியாது. மலையகத்தில் தமிழ்மொழிமூலம் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய 1ஏபி பாடசாலைகள் குறைவு. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தால் இரசாயனவியலுக்கு இருக்க மாட்டார். பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டும். அங்கே பாதுகாப்பான ஹொஸ்டல் வேண்டும். டியூஷன் செலவு வேறு. மழைக் காலத்தில் மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊர்களில், வகுப்பு முடிந்து மகள் தனியாக பஸ்ஸில் வர வேண்டுமே என்று உம்மா பயப்படுவது வீணான பயமல்ல. மறுபக்கத்தில், நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்று கணக்கிடப்படுவதால் பல்கலைக்கழக அனுமதியில் நம் பிள்ளைகளுக்குச் சலுகை இருக்கிறது. கொழும்புப் பிள்ளை எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளியை நம் பிள்ளை எடுக்கத் தேவையில்லை. இந்தச் சலுகையை விஞ்ஞானப் பிரிவில் பயன்படுத்த நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் பரீட்சை மண்டபம் வரை போகிறார்கள் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் எண்ணிப் பார்த்தால் நல்லது.

ஸ்கடர் குடும்பத்தின் கதையில் எடுத்துக்கொள்ளத் தக்கவை எனக்கு நான்காகத் தெரிகின்றன.

முதலாவது, தொடர்ச்சி. பாட்டனார் படித்தார், மகன் படித்தார், கதவு திறந்ததும் பேத்தி படித்தாள். வாப்பாவுக்குப் படிக்கக் கிடைக்காவிட்டால் மகளோடு தொடங்கலாம். தொடங்கியதை மகளோடு நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, பணம். ஷெல் என்ற செல்வந்தர் மனைவியின் பெயரில் பளிங்குக் கல்லறை கட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார். நம்மில் மகள் பிறந்த நாள் முதல் சீதனத்துக்கும் நகைக்கும் சேமிக்கும் வாப்பாமார் எத்தனையோ பேர். அந்தச் சேமிப்பில் ஒரு பங்கைப் படிப்புக்கென்று பெயர் வைத்து ஒதுக்கினால், படிப்பா கலியாணமா என்ற கேள்வி பதினெட்டு வயதில் அவள் கழுத்தை நெரிக்காது. பெற்றோரின் ஸதக்கத்துல் ஜாரியாவாக ஓர் ஏழைப் பெண் பிள்ளையின் ஐந்து வருடப் படிப்பை ஏற்றுக்கொள்வது கந்தூரிக்குச் செலவழிப்பதைவிடக் குறைந்த நன்மையாக இருக்காது. பள்ளிவாசல் பைத்துல்மால்கள் இதைத் தங்கள் திட்டத்தில் சேர்க்கலாம். கண்டியில் மலையக முஸ்லிம் மாணவிகளுக்கென்று நல்ல மேற்பார்வையோடு ஒரு ஹொஸ்டல் இருந்தால் பாதிப் பயம் தீரும்.

மூன்றாவது, படித்த பின் வேலை. ஐடாவின் படிப்பு சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவில்லை. நம்மில் சில வீடுகளில் மகளைப் பட்டதாரியாக்குவது நல்ல மாப்பிள்ளை எடுக்க மட்டுமே. நிக்காஹ் முடிந்ததும் படிப்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. ஐடா கலியாணம் முடிக்காமல் இருந்தார் என்பதற்காக நம் பிள்ளைகளையும் அப்படி இருக்கச் சொல்ல யாரும் நினைக்க மாட்டார்கள். நிக்காஹ் நம் சுன்னத். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரோடு மஹரும் மண்டபமும் பேசும்போதே, அவள் தொடர்ந்து படிப்பதையும் வேலைக்குப் போவதையும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நான்காவது, படித்தவள் இன்னொருத்தியைப் படிக்க வைப்பது. ஐடா தனியாக எவ்வளவு வைத்தியம் பார்த்திருந்தாலும் அது அவரோடு முடிந்திருக்கும். மற்றப் பெண்களை டொக்டராக்கியதால்தான் வேலூர் நூறாண்டு தாண்டி நிற்கிறது. நம் ஊர்களிலிருந்து பல்கலைக்கழகம் போன ராத்தாமார் விடுமுறைக்கு வரும்போது, பத்தாம் பதினோராம் வகுப்புத் தங்கச்சிமாருக்கு ஒரு மாதம் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பெரிய கட்டடமோ நிதியோ தேவையில்லை. பள்ளிவாசலின் மேல்மாடியோ மத்ரஸா மண்டபமோ போதும்.

திண்டிவனத்தில் அன்று இறந்த அந்த முஸ்லிம் பெண்ணின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவளும் யாரோ ஒரு வாப்பாவின் மகள், யாரோ ஒரு பிள்ளையின் உம்மாவாகியிருக்க வேண்டியவள். அவளுடைய மவுத் ஓர் அமெரிக்கப் பெண்ணை டொக்டராக்கியது. நம் வீடுகளிலிருந்தும் டொக்டர்மார் வர அப்படி இன்னொரு மவுத்துக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண தர முடிவு வந்து, மகள் எந்தப் பிரிவு எடுப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போது, அவள் சொல்வதை முதலில் உட்கார்ந்து கேட்போம். அல்லாஹ் நம் பெண் பிள்ளைகளின் அறிவைப் பயனுள்ள அறிவாக்கி வைப்பானாக.